குழியைக் காட்டுவதா, வழியைக் காட்டுவதா?

இலங்கை மலையகத்துப் பொகவந்தலாவையில் கெசல்கமு ஓயா என்கிற ஆற்றை ஒட்டி மாணிக்கக்கல் தோண்டியவர்கள் அதை விட்டுவிட்டுச் சுற்றுலாவுக்கு வருவதென்றால், கைக்கெட்டும் வழிகள் இரண்டு.

ஒன்று, குழியையே காட்டுவது. இரத்தினபுரியில் இது நடக்கிறது. மரமும் இலைதழையும் கொடுத்துக் குழிச்சுவர் சரியாமல் நிறுத்துவது, ‘இல்லம்’ என்கிற சரளைமண்ணைக் கூடையில் சுழற்றிக் கழுவுவது, ஈரக் கூடையை வெளிச்சத்துக்குச் சாய்த்துக் கல் தேடுவது என்று பார்க்கச் சுவாரசியமான வேலைதான். காட்டுகிறவர் புதிதாகப் படிக்கவும் ஒன்றுமில்லை. ஆனால் அனுமதிப்பத்திரம் வேண்டும். அப்புறம், ஆற்றோரம் கலக்கும் மண் காசல்ரீ நீர்த்தேக்கத்துக்குத்தான் போகும். காட்சிக்கென்று தோண்டினாலும் சேறு சேறுதானே!

மற்றது பெக்கோ டிரெயில் என்கிற நடைபயணப் பாதை. கண்டிப் பக்கமிருந்து நுவரெலியா வரை 300 கிலோமீட்டருக்கு மேல், 22 கட்டங்கள். நோர்வூட்டிலிருந்து வரும் கட்டம் பொகவந்தலாவையில் முடிகிறது, அடுத்தது டயகமவுக்கு. அதாவது, நடந்து களைத்தவர் ராத்தங்கும் ஊர் இது. சுடச்சுட ரொட்டி, கட்டைச்சம்பல், தேத்தண்ணி போதும், வியாபாரம் தொடங்கலாம். சிக்கல் வீட்டில்தான். லயத்துக் காம்பரா, அதாவது தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீட்டு அறை, தேயிலைத் தோட்டத்துக்குச் சொந்தம். வீட்டு ஆட்களுக்கே படுக்க இடம் போதாது, விருந்தாளியை எங்கே படுக்க வைப்பது? 7 பேர்ச் அளவுள்ள சிறு காணியில் தனிவீடு கிடைத்தவர்களுக்குச் சரி.

என்னைக் கேட்டால் இரண்டாவதுதான், அதுவும் தங்கலை விட்டுவிட்டு வழிகாட்டலும் சாப்பாடுமாக. கூடை சுழற்றும் வித்தையை வீணாக்க வேண்டாம். ஆற்றை விட்டுத் தள்ளி, ஒரு சீமெந்துத் தொட்டியில் காட்டலாம்.