தொண்டையில் இறங்கும் சளி: கழுவலா, ஸ்ப்ரேயா, மாத்திரையா?

காலையில் கண் விழித்ததும் பேச்சுக்கு முன்னால் செருமல் வரும். உள்நாக்குக்குப் பின்னால் ஏதோ ஒட்டிக்கொண்டே இருக்கும். விழுங்கினால் இறங்காது, காறினால் வராது. அப்படியே வந்தாலும் பசை மாதிரி வெள்ளையாக ஒரு துளி. அடுத்த பத்து நிமிடத்தில் அதே இடத்தில் அதே உறுத்தல். ஆறு வருடம் இதோடு இருந்திருக்கிறேன். இதற்கென்று சொல்லப்படும் வழிகளில் பெரும்பாலானவற்றைச் செய்தும் பார்த்திருக்கிறேன். எது எதைவிட மேல், அதுவும் யாருக்கு மேல் என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

மூக்கும் சைனஸ் அறைகளும் சேர்ந்து ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர் சளியைச் சுரக்கின்றன. மூக்குக்குள் இருக்கும் நுண்மயிர்கள் அதைப் பின்பக்கமாகத் தள்ளிக்கொண்டே இருக்கும், நாமும் தெரியாமல் விழுங்கிக்கொண்டே இருப்போம். ஆக, சளி தொண்டையில் இறங்குவது எல்லோருக்கும் நடப்பதுதான். அது நமக்குத் தெரிய ஆரம்பிக்கிறது என்றால் மூன்றில் ஒன்று நடந்திருக்க வேண்டும். சளியின் அளவு கூடியிருக்கும், அல்லது அது கெட்டிப்பட்டிருக்கும், அல்லது சளி பழையபடியே இருக்க, தொண்டைதான் தொட்டாற்சிணுங்கியாக மாறியிருக்கும். இந்த மூன்றாவது ரகத்தைப் பலரும் யோசிப்பதில்லை. இஎன்டி டாக்டர் குழாய் விட்டுப் பார்த்து “பெரிதாகச் சளி எதுவும் இல்லையே” என்று சொல்லும்போது நமக்குக் கோபம் வருகிறதே, அது பெரும்பாலும் இந்த ரகம். இந்தத் தொல்லையால் வரும் நாள்பட்ட இருமலின் பெயரையே அமெரிக்க நெஞ்சக மருத்துவர்கள் சங்கம் 2006-ல் ‘மேல் சுவாசப்பாதை இருமல்’ என்ற பொருளில் மாற்றியது. சளி சொட்டுவதுதான் இருமலைத் தூண்டுகிறதா, மேல் சுவாசப்பாதையின் எரிச்சலே தூண்டுகிறதா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை என்பதால்தான்.

இதை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், ஒவ்வொரு வைத்தியமும் இந்த மூன்றில் ஏதோ ஒன்றைத்தான் தொடுகிறது. அடுத்தவருக்குக் கேட்ட மருந்து நமக்குக் கேட்காமல் போவதற்குக் காரணம் அதுதான்.

உப்புநீரும் ஸ்டீராய்டு ஸ்ப்ரேயும்

உண்மையான போட்டி இந்த இரண்டுக்கும்தான். மற்றதெல்லாம் துணைக்கு வருபவை.

உப்புநீர்க் கழுவல் கெட்டியான சளியை இளக்கி அடித்துக்கொண்டு போகிறது. கூடவே தூசி, மகரந்தம், அழற்சியைக் கிளப்பும் பொருட்கள் எல்லாம் வெளியேறும். மருந்து எதுவும் இல்லாததால் வருடக்கணக்கில் செய்யலாம், கர்ப்பிணிகளும் செய்யலாம். பலன் அன்றைக்கே தெரியும். முதல் தடவை கழுவிவிட்டு நிமிர்ந்தபோது, மூக்கின் பின்பக்கம் என்று ஓர் இடம் இருப்பதே அன்றுதான் தெரிந்த மாதிரி இருந்தது.

செய்கிற விதத்தில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். மூக்கில் இரண்டு சொட்டு உப்புநீர் விடுவது ஈரப்படுத்தும், கழுவாது. 240 மில்லி பிடிக்கும் பிழியும் புட்டி வேண்டும். அயோடின் சேர்க்காத உப்பு மூன்று தேக்கரண்டி, சமையல் சோடா ஒரு தேக்கரண்டி கலந்து வைத்துக்கொண்டு, அந்தக் கலவையில் ஒரு தேக்கரண்டியை 240 மில்லி வெதுவெதுப்பான நீரில் கரைக்க வேண்டும். தொட்டியின் மேல் குனிந்து, தலையைச் சற்றே பக்கவாட்டில் சாய்த்து, வாயைத் திறந்து வாயாலேயே மூச்சுவிட்டுக்கொண்டு, மேல்பக்க மூக்குத்துளையில் மெதுவாகப் பிழிந்தால் மறு துளை வழியாக வந்துவிடும். எரிந்தால் உப்பு கூடவோ குறையவோ இருக்கிறது என்று அர்த்தம். காது அடைத்தால் அழுத்திப் பிழிகிறீர்கள் என்று அர்த்தம். முடிந்ததும் குனிந்தபடியே தலையை இரண்டு பக்கமும் திருப்பி மிச்சத்தை வடித்துவிடுங்கள். இல்லையென்றால் ஒரு மணி நேரம் கழித்துச் செருப்பு வாரைப் பூட்டக் குனியும்போது கால்மேல் கொட்டும்.

தண்ணீர் விஷயத்தில் மட்டும் சமரசமே கூடாது. 2011-ல் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் குழாய்த் தண்ணீரால் மூக்கைக் கழுவிய இரண்டு பேர் மூளையைத் தின்னும் அமீபா தாக்கி இறந்தார்கள். நெக்ளேரியா ஃபௌலரி என்ற அந்த அமீபா குடித்தால் ஒன்றும் செய்யாது, மூக்கு வழியாகப் போனால்தான் மூளையை அடையும். அரிதிலும் அரிதுதான், ஆனால் வந்தவர்களில் பிழைத்தவர்கள் மிகக் குறைவு. நன்றாகத் தளதளவென்று ஒரு நிமிடமாவது கொதித்து ஆறிய நீர், அல்லது கடையில் கிடைக்கும் காய்ச்சி வடித்த (டிஸ்டில்டு) நீர். இந்த இரண்டைத் தவிர வேறு எதையும் மூக்கில் விடாதீர்கள். புட்டியையும் கழுவிக் காயவைக்க வேண்டும்.

சரி, கழுவலின் குறை என்ன? சளியை அகற்றுகிறதே தவிர, சுரப்பின் மூலத்தை அவ்வளவாகத் தொடுவதில்லை. மதியத்துக்குள் பழைய கதை திரும்பிவிடலாம்.

அங்கேதான் ஸ்ப்ரே வருகிறது. ஃப்ளூட்டிகசோன், மொமெட்டசோன், புடெசோனைட் என்று பெயர்கள் வேறாக இருந்தாலும் வேலை ஒன்றுதான். மூக்கின் உட்தோலில் இருக்கும் வீக்கத்தை அடக்கிச் சுரப்பைக் குறைக்கும். ஒவ்வாமையால் வரும் சளிக்கு இதைவிட நல்ல ஒற்றை மருந்து இல்லை. நாள்பட்ட சைனஸ் அழற்சிக்கும் முதலில் எழுதித் தருவது இதைத்தான். ஆனால் பொறுமை வேண்டும். ஓரிரு நாளில் கொஞ்சம் தெரியும், முழுப் பலனுக்கு இரண்டு வாரமோ அதற்கு மேலோ ஆகும். தினமும் அடிக்க வேண்டும். மூன்று நாள் அடித்துவிட்டு “இது கேட்கவில்லை” என்று ஓரமாக வைத்தவர்களில் நானும் ஒருவன். இரண்டு வருடம் அப்படி வீணாகப் போனது.

ஸ்டீராய்டு என்ற சொல்லைக் கேட்டாலே பயப்படுகிறவர்கள் நிறைய. இது நேராக மூக்கில் படுவது, அளவும் மிகச் சிறியது. புதிய ரகங்களில் ரத்தத்தில் சேர்வது மிகமிகக் குறைவு. மாத்திரையாக மாதக்கணக்கில் சாப்பிடும் ஸ்டீராய்டோடு இதை ஒரே தட்டில் வைக்கக் கூடாது. கண்ணில் நீர் அழுத்தம் அல்லது புரை உள்ளவர்கள் மட்டும் டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். குழந்தைகளுக்குத் தொடர்ந்து கொடுப்பதானால் வளர்ச்சியைக் கவனித்துக்கொள்வார்கள். பலரும் சந்திக்கிற தொல்லை மூக்கில் ரத்தக் கசிவுதான், அதுவும் பெரும்பாலும் அடிக்கிற கோணத்தால் வருவது. வலது துளைக்கு இடது கை, இடது துளைக்கு வலது கை. அப்படிப் பிடித்தால் முனை தானாகவே நடுச்சுவரை விட்டு விலகிக் கண்ணின் வெளி ஓரத்தைப் பார்க்கும். தலையைச் சற்றுக் குனிந்து, லேசாக மட்டும் உறிஞ்ச வேண்டும். வேகமாக உறிஞ்சினால் மருந்து தொண்டைக்குப் போய்விடும், மூக்கில் தங்காது.

இரண்டில் ஒன்றைத்தான் எடுக்கலாம் என்றால்? கெட்டிச் சளி, வறண்ட காற்று, தூசியில் வேலை என்றால் கழுவல். தும்மல், மூக்கரிப்பு, அடைப்பு, கண் அரிப்பு கூடவே இருந்தால் ஸ்ப்ரே. இரண்டையும் சேர்த்துச் செய்வதில்தான் எனக்கு விடிவு வந்தது. கழுவி, பத்துப் பதினைந்து நிமிடம் விட்டு, அப்புறம் ஸ்ப்ரே. வரிசை மாறினால் அடித்த மருந்தை நாமே கழுவி ஊற்றுவதாகிவிடும்.

மாத்திரை: பழையதா, புதியதா?

சளிக்கு என்று கைக்கு முதலில் வருவது ஆன்டிஹிஸ்டமின் மாத்திரை, அதாவது ஒவ்வாமையின்போது உடல் வெளியிடும் ஹிஸ்டமின் என்ற பொருளைத் தடுப்பது. இதில் இரண்டு தலைமுறை உண்டு. குளோர்ஃபெனிரமின், டைஃபென்ஹைட்ரமின் போன்றவை பழையவை, தூக்கம் வரவழைப்பவை. செட்டிரிசின், லோராட்டடின், ஃபெக்ஸோஃபெனடின் புதியவை. தூக்கம் குறைவு என்பதால் புதியதே எப்போதும் மேல் என்று தோன்றும். ஒவ்வாமை என்றால் அது சரியும்கூட. ஆனால் ஒவ்வாமையே இல்லாமல், குளிர்காற்று பட்டாலோ வாசனைத் திரவியம் பட்டாலோ ஒழுகுகிற மூக்குக்குப் புதியவை ஏறக்குறைய ஒன்றுமே செய்வதில்லை. அங்கே ஹிஸ்டமினுக்கு வேலையே இல்லையே! பழையவை கேட்கின்றன. காரணம், அவற்றுக்குச் சுரப்பை உலர்த்தும் இன்னொரு குணம் உண்டு. அதே குணம்தான் வாயையும் உலர்த்தும், மலச்சிக்கல் தரும், புராஸ்டேட் வீங்கியவர்களுக்குச் சிறுநீரை அடைக்கும், வயதானவர்களுக்குக் குழப்பத்தையும் தள்ளாட்டத்தையும் தரும். வண்டி ஓட்டுபவர் பகலில் தொடவே கூடாது. அதோடு ஏற்கெனவே கெட்டியாக இருக்கிற சளியை இன்னும் கெட்டியாக்கிவிடும். எனக்கு அப்படித்தான் ஆனது. ஒழுகல் நின்றது, ஒட்டல் கூடியது.

நடுவில் இரண்டு ஸ்ப்ரேக்கள் இருக்கின்றன, இவற்றைப் பற்றிப் பேசுகிறவர்கள் குறைவு. அசெலாஸ்டின் மூக்கிலேயே அடிக்கும் ஆன்டிஹிஸ்டமின், ஒவ்வாமை அல்லாத மூக்கொழுகலுக்கும் கேட்கும், சீக்கிரமே வேலை செய்யும். வாய்க்குள் இறங்கும் கசப்புதான் அதன் குறை. இப்ராட்ரோப்பியம் ஸ்ப்ரே தண்ணீராக ஒழுகுவதை மட்டும் நிறுத்தும், அடைப்புக்கோ தும்மலுக்கோ உதவாது. சாப்பிட உட்கார்ந்தாலே மூக்கு ஒழுகுகிறவர்களுக்கு இது பெரிய வரம். இந்த இரண்டையும் டாக்டரிடம் கேட்டுப் பாருங்கள்.

அடைப்பைத் திறக்கும் சொட்டு மருந்து

ஆக்ஸிமெட்டசோலின், சைலோமெட்டசோலின் சொட்டுகள் ஐந்தே நிமிடத்தில் மூக்கைத் திறந்துவிடும். மற்ற எதற்கும் இந்த வேகம் இல்லை, ஆபத்தும் அந்த வேகத்தில்தான் இருக்கிறது. மூன்று நாள், மிஞ்சினால் ஐந்து நாள். அதற்கு மேல் போனால் மருந்து இறங்கும்போதெல்லாம் மூக்கு முன்பைவிட அதிகமாக வீங்கும், அதை அடக்க மறுபடி சொட்டு. எனக்கு அது நான்கு மாதம் ஓடியது. தலையணைக்குக் கீழே ஒரு புட்டி, பையில் ஒரு புட்டி. வாங்கும்போது எத்தனை நாளுக்கு என்று யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. டாக்டர் சொன்னபடி ஸ்டீராய்டு ஸ்ப்ரேயைத் துணைக்கு வைத்துக்கொண்டு முதலில் ஒரு துளையில் மட்டும் நிறுத்தி, பிறகு மறு துளையில் நிறுத்தினேன். அந்த இரண்டு வாரமும் சரியாகத் தூங்கவே இல்லை. நாள்பட்ட தொல்லைக்கு இது வழியே கிடையாது.

வாயால் சாப்பிடும் சளி மாத்திரைகள் பலவற்றில் ஃபினைலெஃப்ரின் இருக்கும். 2023 செப்டம்பரில் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகத்தின் ஆலோசனைக் குழுவில் 16 பேரும் ஒருமனதாக, வாயால் சாப்பிட்டால் அது மூக்கடைப்புக்குப் பயன்படுவதாகச் சான்றில்லை என்றார்கள். சூடோஎஃபெட்ரின் வேலை செய்யும், ஆனால் ரத்த அழுத்தத்தையும் படபடப்பையும் கூட்டும்.

ஆவி பிடிப்பது? சுகமாக இருக்கும், அரை மணி நேரம் இளகும். அவ்வளவுதான். கொதிநீர்ப் பாத்திரம் கவிழ்ந்து குழந்தைகள் வெந்துபோவதை நினைத்தால், வெந்நீரில் குளிப்பதே போதும் என்பேன்.

ஆன்டிபயாட்டிக் இந்தப் பட்டியலிலேயே வரக் கூடாது. மஞ்சளாக வருவதாலேயே அது பாக்டீரியா என்று ஆகிவிடாது.

மூக்கில் ஒன்றுமே இல்லை என்றால்

ஸ்ப்ரேயும் கழுவலும் ஒழுங்காக ஆறு வாரம் செய்தும் ஒரு மாற்றமும் இல்லையா? அப்போது வயிற்றைப் பார்க்க வேண்டும். இரைப்பையிலிருந்து மேலே ஏறும் அமிலமும் பெப்சின் என்ற செரிமான நொதியும் குரல்வளையை உறுத்தும்போது, சளி ஒட்டியிருக்கிற அதே உணர்வுதான் வரும். நெஞ்செரிச்சல் இல்லாமலேயே வரலாம். காலையில் குரல் கரகரப்பு, சாப்பிட்டபின் செருமல் கூடுவது, படுத்தால் இருமல் என்பவை தடயங்கள்.

இதற்கு உடனே அமிலம் குறைக்கும் மாத்திரையை மாதக்கணக்கில் விழுங்குவது வழக்கமாகிவிட்டது. பிரிட்டனில் 346 பேரை வைத்து நடந்து 2021-ல் வெளியான ஆய்வில், தொண்டைத் தொல்லைக்கு லான்சோபிரசோலை 16 வாரம் தினம் இரண்டு வேளை சாப்பிட்டவர்களுக்கும் வெறும் போலி மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் வித்தியாசமே தெரியவில்லை. அதனால் இந்த மாத்திரையைவிட, படுக்கப் போவதற்கு மூன்று மணி நேரம் முன்பே சாப்பிட்டு முடிப்பது, கட்டிலின் தலைப்பக்கக் கால்களுக்குக் கீழே கட்டை வைத்து உயர்த்துவது, வயிற்றை இறுக்கும் உடையைத் தளர்த்துவது என்ற இந்த எளிய வேலைகளுக்கே என் ஓட்டு. நெஞ்செரிச்சலும் சேர்ந்து இருப்பவருக்கு மாத்திரை கேட்கும், அது வேறு கணக்கு.

எந்த வழியானாலும் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் புதிதாகச் சேர்க்க வேண்டும், அதற்கு உரிய காலத்தையும் கொடுக்க வேண்டும். கழுவலுக்கு ஒரு வாரம், ஸ்டீராய்டு ஸ்ப்ரேக்கு ஒரு மாதம், சாப்பாட்டு நேர மாற்றத்துக்கு இரண்டு மாதம் என்று நான் வைத்துக்கொண்டேன். நான்கை ஒன்றாக ஆரம்பித்தால் எது கேட்டது என்றே தெரியாமல் நான்கையும் காலம் முழுக்கச் செய்துகொண்டிருப்போம்.

சிலவற்றுக்குக் காத்திருக்கவே கூடாது. ஒரே ஒரு துளையில் மட்டும் அடைப்போ ரத்தமோ, மூன்று வாரத்துக்கு மேல் குரல் கம்மல், விழுங்க வலி, காரணமில்லாமல் எடை குறைதல் என்றால் உடனே இஎன்டி டாக்டர். தலையில் அடிபட்ட பிறகு ஒரு துளையில் மட்டும் தெளிந்த தண்ணீராக, உப்புக் கரித்து ஒழுகினால் அது மூளையைச் சுற்றியுள்ள நீராகவும் இருக்கலாம். குழந்தைக்கு ஒரு பக்கம் மட்டும் நாற்றமடிக்கும் சளி என்றால் மூக்குக்குள் மணியோ பஞ்சோ போயிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

எனக்கு மூக்கு அடங்கிய பிறகும் செருமல் மட்டும் நிற்கவில்லை. ஒவ்வொரு செருமலும் குரல் நாண்களை ஒன்றோடொன்று மோத வைக்கிறது, அந்த உறுத்தலே அடுத்த செருமலைக் கூப்பிடுகிறது. இப்போது கையெட்டும் தூரத்தில் ஒரு தண்ணீர்ப் புட்டி இருக்கிறது. செருமத் தோன்றியதும் ஒரு மடக்கு எடுத்து, முகவாயைக் கொஞ்சம் கீழே இறக்கி, அழுத்தி விழுங்குகிறேன். முதல் வாரம் பத்துத் தடவையில் இரண்டு தடவைதான் ஞாபகம் வந்தது. நேற்று மாலைவரை ஒரு தடவைகூடச் செருமவில்லை. அதையும் வீட்டில் சொன்னபிறகுதான் கவனித்தேன்.