பெட்ரோல் போட எல்லை தாண்டலாமா, வண்டியே அங்கே வாங்கலாமா?

கடலூர்க்காரரிடம் பெட்ரோல் விலை பற்றிக் கேட்டால், "முள்ளோடை தாண்டிப் போட்டுக்க வேண்டியதுதான்" என்பார். புதுச்சேரி எல்லை தொட்டதும் வரிசையாக பங்க்குகள், எல்லாவற்றிலும் தமிழ்நாட்டுப் பதிவெண் வண்டிகள். இந்த ஆசை எவ்வளவு தூரம் கணக்குக்கு ஒத்துவரும்?

முதலில், விலை ஏன் மாறுகிறது என்பது. பெட்ரோலும் டீசலும் இன்னும் ஜி.எஸ்.டி.க்குள் வரவில்லை. ஒன்றிய அரசின் கலால் வரி நாடு முழுக்க ஒன்றுதான். அதன் மேல் மாநிலம் போடும் வாட் வரிதான் ஊருக்கு ஊர் வேறு. கிடங்கிலிருந்து பங்க் வரை லாரி வாடகையும் சேரும், ஆனால் அது சில்லறை வித்தியாசம்.

தமிழ்நாட்டின் வாட் கலப்பு வகை. பெட்ரோலுக்கு 13 சதவீதம், அதோடு லிட்டருக்கு 11 ரூபாய் 52 காசு. டீசலுக்கு 11 சதவீதம், அதோடு 9 ரூபாய் 62 காசு. கேரளாவில் பெரும்பகுதி சதவீதம்தான்: பெட்ரோலுக்கு 30.08. போதாக்குறைக்கு 2023 ஏப்ரலிலிருந்து லிட்டருக்கு 2 ரூபாய் சமூகப் பாதுகாப்பு செஸ் (கூடுதல் வரி) வேறு.

இந்த இரண்டு முறைக்கும் உள்ள வேறுபாடு 2022 மே மாதம் பட்டவர்த்தனமானது. ஒன்றிய அரசு பெட்ரோல் கலால் வரியில் 8 ரூபாய் குறைத்தது. கேரளாவில் அதற்குண்டான 30.08 சதவீதமும் தானாகவே கழிந்து, மொத்தம் 10 ரூபாய் 41 காசு இறங்கியது. சென்னையிலோ 110.85-லிருந்து 102.63, அதாவது 8 ரூபாய் 22 காசுதான். விலை இறங்கும்போது கேரள முறை மக்களுக்கு லாபம், ஏறும்போது நம் முறை லாபம். அரசுக்கு அப்படியே தலைகீழ். ஏறுவதும் இறங்குவதும் சமமாக நடந்தால் இரண்டும் ஒன்றுதான் என்று வாதிடலாம், ஆனால் நம் நாட்டில் எது அடிக்கடி நடக்கிறது என்று உங்களுக்கே தெரியும்.

கர்நாடகா வேறு ரகம். 2025-இல் பெங்களூரில் பெட்ரோல் சென்னையைவிட ஏறத்தாழ 2 ரூபாய் அதிகம், டீசல் ஒரு ரூபாய்க்கு மேல் குறைவு. ஒரே அரசு ஒன்றை ஏற்றி மற்றதை இறக்கி வைப்பானேன்? என் கணிப்பு இது: பைக் வைத்திருப்பவர் வீட்டுப் பக்கத்து பங்க்கிலேயே போட்டுவிடுவார். நாமக்கல் லாரி அப்படியல்ல. வழியில் எங்கே மலிவோ அங்கே டேங்க்கை நிரப்பிக்கொண்டு போகும். கர்நாடகா வரியைக் குறைத்தால் அந்த வியாபாரம் எல்லைக்கு அந்தப் பக்கம் அத்திப்பள்ளிக்கு, கூட்டினால் இந்தப் பக்கம் ஓசூருக்கு. புதுச்சேரியின் சூத்திரமும் இதேதான். சொந்த ஊரில் ஆள் கொஞ்சம், அக்கம்பக்கத்து வண்டிகளை நம்பித்தான் பங்க் ஓடுகிறது. 2025 ஜனவரியில் வாட்டை ஏற்றிய பிறகும் சென்னையைவிட 4 ரூபாய்க்கு மேல் மலிவாகவே இருந்தது. கேரளாவுக்கு நடுவே கிடக்கும் புதுச்சேரிப் பகுதியான மாஹேயில் வித்தியாசம் இன்னும் பெரிது.

சரி, போய் வந்தால் மிச்சமா? லிட்டருக்கு 5 ரூபாய் வித்தியாசம், போக வர 20 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். பைக்கில் 5 லிட்டர் போட்டால் 25 ரூபாய் மிச்சம், போய் வந்த பெட்ரோல் மட்டும் 40 ரூபாய்க்கு மேல். சுத்த நஷ்டம். காரில் 35 லிட்டருக்கு 175 ரூபாய் மிச்சம், ஓடிய செலவு 130. ஒரு காபி, ஒரு வடை கிடைக்கும். அந்த வழியாக எப்படியும் போகிறவருக்கும், 300 லிட்டர் பிடிக்கும் லாரிக்கும்தான் இது உருப்படியான காசு.

பெரிய பணம் சாலை வரியில் இருக்கிறது. 2023 நவம்பர் முதல் தமிழ்நாட்டில் காருக்கான ஆயுள்கால வரி (ஒரே தடவை கட்டும் சாலை வரி), காரின் விலைப்படி: 5 லட்சம் வரை 12 சதவீதம், 10 லட்சம் வரை 13, 20 லட்சம் வரை 18, அதற்கு மேல் 20. கர்நாடகாவில் இதே படிகளில் 13, 14, 17, 18. கடைசி இரண்டு படிகளைப் பார்த்ததும் அங்கே மலிவு என்று தோன்றும். வரியின் மேலேயே 11 சதவீதம் செஸ் இருப்பதைச் சேர்த்துப் பாருங்கள். 9 லட்சம் காருக்கு இங்கே 1,17,000, அங்கே 1,39,860. 15 லட்சத்துக்கு 2,70,000-க்கு எதிரே 2,83,050. 25 லட்சத்துக்கு 5,00,000, 4,99,500. ஐந்நூறு ரூபாய்க்காக யார் பெங்களூர் போய்ப் பதிவு செய்வது!

புதுச்சேரியில் வரி மிகக் குறைவு. கேரளாவில் கோடி ரூபாய்க் காருக்கு 20 லட்சம் கட்ட வேண்டியிருந்த காலத்தில், அங்கே ஒன்றிரண்டு லட்சத்தில் முடிந்தது. பணக்காரர்கள் புதுச்சேரியில் வாடகை வீட்டு முகவரி காட்டி வண்டி வாங்கியதும், பிறகு வழக்கில் மாட்டியதும் ஊரறிந்த கதை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 47-ஆம் பிரிவுப்படி, வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வண்டி இருந்தால் அங்கே மறுபதிவு செய்தாக வேண்டும், அந்த ஊர் வரியையும் கட்ட வேண்டும். 2025 பிப்ரவரியில் பெங்களூரில் வரி கட்டாத 30 சொகுசு கார்களை ஒரே நாளில் பிடித்தார்கள்.

ஆகவே சாலை வரிக்காக முகவரி மாற்றும் யோசனையை விட்டுவிடுங்கள். வேலை நிமித்தம் நிஜமாகவே ஊர் மாறுகிறவர்களுக்குத்தான் இங்கே கவனம் தேவை. பழைய ஊர் ஆர்.டி.ஓ.விடம் தடையில்லாச் சான்று வாங்கி, புது ஊரில் வண்டியின் வயதுக்கேற்ற வரியைக் கட்டிவிட்டு, பழைய ஊரில் மீதிக் காலத்துக்கான பணத்தைத் திரும்பக் கேளுங்கள். பலரும் கடைசி வேலையைச் செய்வதே இல்லை.