பிரிவு 312: ஒரே சட்டவரியின் கீழ் நான்கு நாட்டுப் பெண்கள்

1860-இல் பிரிட்டிஷார் இந்தியாவுக்காக இயற்றிய தண்டனைச் சட்டத்தின் 312-ஆவது பிரிவு சொல்வது இது: பெண்ணின் உயிரைக் காக்கும் நல்லெண்ணத்தைத் தவிர வேறு எந்தக் காரணத்துக்காகக் கருவைக் கலைத்தாலும் மூன்றாண்டு வரை சிறை, வயிற்றில் குழந்தை அசையத் தொடங்கிய பின் கலைத்தால் ஏழாண்டு வரை சிறை. அதன் கீழே ஒரு விளக்கம் இருக்கிறது. தன் கருவைத் தானே கலைத்துக்கொள்ளும் பெண்ணும் இந்தப் பிரிவுக்குள் அடங்குவாள்.

இதே வரிகள் 1871-இல் சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா அடங்கிய நீரிணைக் குடியேற்றங்களுக்குப் போயின; 1883-இல் இலங்கைக்குப் போயின. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் பிரிவின் எண்கூட மாறவில்லை, 312தான். இலங்கையின் தண்டனைச் சட்டக்கோவையில் அது 303. நாகப்பட்டினத்தில் கப்பலேறிய குடும்பங்கள் எங்கெல்லாம் கரையேறினவோ அங்கெல்லாம் இந்தச் சட்டமும் கரையேறியது. ஒரே பாட்டியின் வழிவந்த பேத்திகள் இன்று தஞ்சாவூரிலும் இலங்கையின் ஹட்டனிலும் மலேசியாவின் ஈப்போவிலும் சிங்கப்பூரிலும் இருக்கக்கூடும். கருக்கலைப்பு என்று வரும்போது அவர்கள் நால்வருக்கும் நான்கு வேறு வாழ்க்கைகள்.

நாடுகளின் சட்டங்களை ஒப்பிடுவோர் பெரும்பாலும் வாரங்களைத்தான் எண்ணுகிறார்கள்: இங்கே 12, அங்கே 20, இன்னோர் இடத்தில் 24. அந்த எண்ணுக்கு முன்பே கேட்கவேண்டிய கேள்வி ஒன்று இருப்பதாக நான் நினைக்கிறேன். கர்ப்பத்தைத் தொடர்வதா வேண்டாமா என்று சட்டம் யாரைக் கேட்கிறது?

நால்வருக்கும் எட்டு வாரக் கர்ப்பம் என்று வைத்துக்கொள்வோம். நோய் ஏதும் இல்லை. ஏற்கெனவே இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள். மூன்றாவது வேண்டாம் என்று முடிவெடுத்திருக்கிறார்கள்.

சிங்கப்பூர்ப் பேத்தியின் கதை சுருக்கமானது. அங்கே 1969-இல் கருக்கலைப்புச் சட்டம் நிறைவேறியது. 1974-இல் அது தளர்த்தப்பட்டு, 24 வாரம் வரை பெண்ணின் எழுத்துமூலச் சம்மதம் இருந்தால் போதும் என்றானது. காரணம் சொல்ல வேண்டியதில்லை. கணவரின் கையெழுத்தும் தேவையில்லை. கட்டாய ஆலோசனை ஒன்று உண்டு. அதன்பின் 48 மணி நேரம் காத்திருக்க வேண்டும். அவ்வளவுதான்.

ஆனால் இந்தத் தாராளம் பெண்ணுரிமையை நினைத்துப் பிறந்ததன்று. மக்கள்தொகை பெருகுகிறது என்ற அச்சத்தில், இரண்டு குழந்தைகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள் என்று அரசு வீதிக்கு வீதி சுவரொட்டி ஒட்டிய காலம் அது. அரசுக்கு வேண்டியதும் பெண்ணுக்கு வேண்டியதும் ஒரே திசையில் இருந்தன. இரண்டும் பிரியும் இடத்தைப் பார்க்க வேண்டுமென்றால் அதே நகரத்தின் வெளிநாட்டு வீட்டுப் பணிப்பெண்களைப் பார்க்க வேண்டும். அவர்களில் தமிழ்நாட்டுப் பெண்களும் இலங்கை மலையகப் பெண்களும் உண்டு. கருவுற்றால் அவர்களின் வேலை அனுமதி போய்விடும். கருவைக் கலைக்கலாம் என்கிறது ஒரு சட்டம். பெற்றுக்கொள்ள நினைத்தால் ஊருக்குப் போ என்கிறது இன்னொரு விதி. ஊரில் கடனை வைத்துவிட்டு வந்தவர் கொடுக்கும் எழுத்துமூலச் சம்மதத்தை முழுச் சம்மதமாக என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை.

தஞ்சாவூர்ப் பேத்திக்கு வழி இருக்கிறது, ஆனால் அது மருத்துவர் வழியாகப் போகிறது. 1964-இல் அமைக்கப்பட்ட சாந்திலால் ஷா குழுவின் பரிந்துரைப்படி 1971-இல் மருத்துவக் கருக்கலைப்புச் சட்டம் வந்தது. 312-ஐ அது ஒழிக்கவில்லை. இன்னின்ன நிலைகளில் மருத்துவர் மீது அந்தக் குற்றம் சாராது என்று ஒரு குடையை மட்டும் விரித்தது. கர்ப்பம் தொடர்ந்தால் பெண்ணின் உயிருக்கோ உடல், மன நலத்துக்கோ பெருங்கேடு நேரும் என்று மருத்துவர் கருத வேண்டும். கருத்தடை முறை தவறிக் கருவுற்றிருந்தால், அந்த வேதனையையே மனநலக் கேடாகக் கொள்ளலாம் என்று சட்டமே ஒரு விளக்கம் தருகிறது. நடைமுறையில் எட்டு வாரப் பேத்தி நுழையும் கதவு இதுதான். 2021 வரை அந்த விளக்கத்தில் ‘மணமான பெண் அல்லது அவர் கணவர்’ என்று இருந்தது. 2021 திருத்தம் அதைப் ‘பெண் அல்லது அவர் இணையர்’ என்று மாற்றியது. 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்துப் போதும்; 24 வாரம் வரை, குறிப்பிட்ட சில பிரிவினருக்கு மட்டும், இருவர் கருத்து வேண்டும்.

பதினெட்டு வயது நிறைந்த பெண்ணுக்கு அவர் சம்மதம் ஒன்றே போதும் என்று சட்டத்தில் தெளிவாகவே எழுதியிருக்கிறது. அப்படியிருந்தும் “வீட்டுக்காரர் வந்திருக்கிறாரா?” என்ற கேள்வி எத்தனை மருத்துவமனைகளில் எழுகிறது என்பது போய்வந்த பெண்களுக்குத் தெரியும். திருமணமாகாதவர் என்றால் அம்மாவை அழைத்து வரச் சொல்வார்கள். அரசு மருத்துவமனை என்றால் ‘கையோடு குடும்பக் கட்டுப்பாடும் செய்துகொள்’ என்ற வற்புறுத்தலும் சேரும். சட்டத்தில் இல்லாத இத்தகைய நிபந்தனைகளை உச்ச நீதிமன்றமே 2022-இல் கண்டித்தது. முடிவை மருத்துவரின் கருத்தில் கட்டிவைத்தால், அவருடைய நல்ல மனதும் கெட்ட மனதும் சேர்ந்துதான் சட்டமாகின்றன. 2015-இல் இந்தியாவில் நடந்த கருக்கலைப்புகள் 1.56 கோடி என்றும், அவற்றில் நான்கில் மூன்று மருத்துவமனைக்கு வெளியே மாத்திரையால் நடந்தவை என்றும் லான்செட் மருத்துவ இதழ்க் குழுமத்தில் 2018-இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. பெண்கள் அந்தக் கேள்விகளைத் தவிர்க்கத் தாமாக ஒரு வழி கண்டிருக்கிறார்கள் என்றே இந்தக் கணக்கை நான் படிக்கிறேன்.

ஈப்போப் பேத்தியின் நிலை ஏட்டளவில் இதைப் போன்றதே. 1989-இல் மலேசியா 312-இலேயே ஒரு விலக்கைச் சேர்த்தது: உயிருக்கோ, உடல், மன நலத்துக்கோ ஆபத்து என்று ஒரு மருத்துவர் நல்லெண்ணத்துடன் கருதினால் கலைக்கலாம். ஆனால் இந்தியாவைப் போல் தனிச் சட்டம் இல்லை. கருத்தடை தவறியதைப் பற்றிய விளக்கமும் இல்லை. எல்லாம் குற்றவியல் பிரிவின் நிழலில்தான். அதனால் அரசு மருத்துவமனை கைவிரிக்கும். தனியார் கிளினிக் பணம் கேட்கும். பல பெண்களுக்கும், மருத்துவர்கள் சிலருக்குமேகூட, இது சட்டப்படி செய்யக்கூடியது என்று தெரியாது. 2014-இல் பினாங்கு மாநிலத்தில் நேபாளத் தொழிலாளப் பெண் ஒருவர் கிளினிக்கிலேயே கைதாகிச் சிறைத்தண்டனை பெற்றார். மறு ஆண்டு மேல்முறையீட்டில் விடுதலையானார். விலக்கு இருந்தும் அவர் கம்பிக்குப் பின்னால் இருந்தார்.

ஹட்டன் பேத்திக்கு 1883-ஆம் ஆண்டு வாசகம்தான் இன்றும் சட்டம். தாயின் உயிருக்கு ஆபத்து என்றால் மட்டுமே விதிவிலக்கு. எட்டு வாரமோ நான்கு வாரமோ, வித்தியாசமில்லை. அதற்காக அங்கே கருக்கலைப்பு நடக்காமல் இல்லை. நாளொன்றுக்கு அறுநூறுக்கும் மேல் என்ற மதிப்பீடு பல ஆண்டுகளாக அங்கே எடுத்துச் சொல்லப்பட்டு வருகிறது. பணமுள்ளவர் விமானம் ஏறலாம், நல்ல மருத்துவரை இரகசியமாகத் தேடிக்கொள்ளலாம். லயன் அறையில் இருக்கும் தோட்டத் தொழிலாளி எங்கே போவார்?

இப்போது எட்டு வாரத்தை விட்டுவிட்டு, கர்ப்பம் பாலியல் வன்முறையால் வந்தது என்று வைத்துக்கொள்வோம். சிங்கப்பூர் காரணம் கேட்பதில்லை. இந்தியச் சட்டம் அந்த வேதனையை மனநலக் கேடாகவே கொண்டு 24 வாரம் வரை அனுமதிக்கிறது. மலேசியாவின் பிரிவில் வன்புணர்வு என்ற சொல்லே கிடையாது. மனநலம் என்ற ஓட்டை வழியாகத்தான் நுழைய வேண்டும். இலங்கையில் அந்த ஓட்டையும் இல்லை. வன்முறைக்கு ஆளானவர் பள்ளிச் சிறுமியானாலும், செய்தவர் வீட்டு ஆளே ஆனாலும் சட்டம் அசைவதில்லை. வன்புணர்வுக்கும் சிசுவின் கடுமையான குறைபாட்டுக்குமாவது விலக்கு அளிக்கலாம் என்ற முயற்சி 1995-இல் பாராளுமன்றம் வரை வந்து கைவிடப்பட்டது. 2017-இல், உச்ச நீதிமன்ற நீதிபதி ஒருவர் தலைமையிலான குழு பரிந்துரைத்த பிறகும், மத அமைப்புகளின் எதிர்ப்பில் அது நின்றுபோனது. பன்னிரண்டு வயதுப் பிள்ளையைப் பிரசவ வார்டுக்கு அனுப்பும் சட்டத்தை எந்த அறத்தின் பெயரால் காப்பது என்று எனக்கு விளங்கவில்லை.

வங்கதேசத்தின் சட்டப் புத்தகத்திலும் 312 அப்படியே இருக்கிறது. 1971 போரில் சிதைக்கப்பட்ட பெண்களுக்காக 1972-இல் தற்காலிகமாகக் கதவு திறந்தது. பின் 1979-இல் ‘மாதவிடாய் சீராக்கல்’ என்ற பெயரில் ஒரு சேவை குடும்பநலத் திட்டத்தில் சேர்ந்தது. நாள் தள்ளிப்போய்விட்டது என்று ஒரு பெண் வருவார். கர்ப்பமா என்று சோதிக்காமலே கருப்பையைச் சுத்தம் செய்துவிடுவார்கள். பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர் 10 வாரம் வரை, மருத்துவர் 12 வாரம் வரை செய்யலாம். கர்ப்பம் என்றே பதியாததால் கருக்கலைப்பு என்ற குற்றமும் இல்லை. பழமைவாதம் மிகுந்த நாட்டில் பல பெண்களின் உயிரைக் காத்த ஏற்பாடு இது. இலங்கை இதையாவது செய்திருக்கலாம்.

வாரங்கள் ஏறும்போது ஒப்பீடு தலைகீழாகிறது. சிங்கப்பூரில் 24 வாரம் தாண்டினால் தாயின் உயிர், அல்லது உடல், மன நலத்துக்கு நிரந்தரமான பெருங்கேடு என்ற காரணம் மட்டுமே செல்லும். இந்தியாவிலோ சிசுவுக்குக் கடுமையான குறைபாடு என்று மருத்துவக் குழு கண்டால் வார வரம்பே இல்லை. ஆனால் குறைபாடில்லாத கருவைச் சுமக்கும் பெண் 24 வாரத்தைக் கடந்துவிட்டால், வன்முறைக்கு ஆளானவரே ஆனாலும், நீதிமன்றப் படி ஏற வேண்டும். பழைய 20 வார வரம்பு இருந்த 2017-இல் சண்டிகரைச் சேர்ந்த பத்து வயதுச் சிறுமிக்கு, 32 வாரம் ஆகிவிட்டதால் ஆபத்து என்று, உச்ச நீதிமன்றம் அனுமதி மறுத்தது. அடுத்த மாதம் அந்தக் குழந்தை ஒரு குழந்தையைப் பெற்றாள்.

2022 செப்டம்பர் 29-இல் அதே நீதிமன்றம், மணமாகாத பெண்ணுக்கும் 24 வாரம் வரை உரிமை உண்டு என்று தீர்ப்பளித்தது. கணவனின் வன்புணர்வும் இந்தச் சட்டத்தின் நோக்கில் வன்புணர்வே என்றது. படித்து மகிழ்ந்தவர்களில் நானும் ஒருத்தி. ஓராண்டு கழித்து, இரண்டு பிள்ளைகளின் தாய் ஒருவர் 26 வாரக் கர்ப்பத்தோடு வந்தார். பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வுக்கு மருந்து எடுத்துக்கொண்டிருந்தவர். பால் கொடுக்கும் காலத்தில் நாள் தள்ளிப்போவது இயல்பு என்பதால் கருவுற்றதே அவருக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது. முதலில் அனுமதித்த நீதிமன்றம், பின்னர் 2023 அக்டோபர் 16-இல் மறுத்தது.

இங்கேதான் கனடாவை அருகே வைத்துப் பார்க்கிறேன். 1969 முதல் கனடாவிலும் மருத்துவர் குழு முறைதான் இருந்தது. குறைந்தது மூன்று மருத்துவர்கள் கூடிச் சான்றளித்தால்தான் குற்றமாகாது. 1988-இல் மார்கென்டாலர் வழக்கில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவையே ரத்து செய்தது. குழுக்கள் ஏற்படுத்தும் தாமதமும், ஊருக்கு ஊர் மாறும் முடிவும் பெண்ணின் பாதுகாப்பைப் பறிக்கின்றன என்பது முக்கியக் காரணம். புதிய சட்டமொன்றைக் கொண்டுவர முயன்றார்கள்; 1991-இல் செனட்டில் 43-க்கு 43 என்று வாக்குகள் சமமாகி அது தோற்றது. அன்று முதல் கருக்கலைப்புக்கென்று அங்கே குற்றவியல் சட்டமே இல்லை. மற்ற சிகிச்சைகளைப் போல அதுவும் ஒரு சிகிச்சை. சட்டம் விலகினால் எல்லாம் கிடைத்துவிடும் என்றும் நான் சொல்லமாட்டேன். பிரின்ஸ் எட்வர்ட் தீவுப் பெண்கள் 2017 வரை வேறு மாகாணத்துக்குப் பயணம் போக வேண்டியிருந்தது. ஆனால் கனடா தூக்கியெறிந்த குழுவை 2021-இல் இந்தியா சட்டத்துக்குள் கொண்டுவந்து அமர்த்தியது என்பது எனக்கு உறுத்துகிறது. மாவட்டத் தலைநகரில் உட்கார்ந்திருக்கும் ஒரு குழுவுக்காகக் காத்திருக்கும் ஒவ்வொரு நாளும் வயிற்றில் ஒரு நாள் கூடிக்கொண்டேதான் இருக்கும்.

312-இன் தாய்நாடான பிரிட்டனில் 1861-ஆம் ஆண்டுச் சட்டம் பெண்ணைக் குற்றவாளியாக்கியது. 1967-இல் இரு மருத்துவர் ஒப்புதல் என்ற விலக்கு வந்த பின்னும் அந்தப் பிரிவு நீங்கவில்லை. அண்மை ஆண்டுகளில்கூட அதன்கீழ்ப் பெண்கள் விசாரிக்கப்பட்டார்கள். 2025 ஜூன் 17-இல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் தன் கருவைக் கலைத்துக்கொள்ளும் பெண்ணைக் குற்றப் பொறுப்பிலிருந்து விடுவிக்கும் திருத்தத்துக்கு ஆதரவாக அந்நாட்டு மக்களவையில் 379 பேரும் எதிராக 137 பேரும் வாக்களித்தார்கள்.

இந்திய நாடாளுமன்றம் 2023 டிசம்பரில், காலனி ஆட்சியின் அடையாளத்தைக் களைவதாகச் சொல்லி, தண்டனைச் சட்டத்தை முழுவதுமாக மாற்றி பாரதிய நியாய சன்ஹிதாவை நிறைவேற்றியது. அதில் 312 இப்போது பிரிவு 88. அதே மூன்றாண்டு, அதே ஏழாண்டு. தன் கருவைத் தானே கலைத்துக்கொள்ளும் பெண்ணும் இதற்குள் அடங்குவாள் என்ற விளக்கமும் அப்படியே இருக்கிறது.