சர்பேக், டேட்டாமைன்: தரவை ஏற்றி இறக்கிய அனுபவம்

சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் திட்டமிடல் வேலை எனக்கு. எங்கள் போர்ஹோல் டேட்டாபேஸ், அதாவது துளையிட்டு எடுத்த மாதிரிகளின் பதிவு, சர்பேக் என்ற சுரங்க மென்பொருளில் இருக்கிறது. கல் இருப்பை மதிப்பீடு செய்து தரும் ஆலோசகர்கள் டேட்டாமைன் என்ற இன்னொரு சுரங்க மென்பொருளில் வேலை செய்பவர்கள். ஆக, வருடக்கணக்காக இந்த இரண்டுக்கும் நடுவே தரவை ஏற்றி இறக்குவதிலேயே என் பாதிப் பொழுது போகிறது. இம்போர்ட் தோற்றுப் பிழைச் செய்தி வந்தால் கவலையில்லை, சரி செய்துவிடலாம். சத்தமே போடாமல் ஏறிவிடும் தப்பான தரவுதான் ஆளைக் கவிழ்க்கும்.

சர்பேக்கில் எனக்குப் பிடித்தது, டேட்டாபேஸை மைக்ரோசாஃப்ட் ஆக்ஸஸ் கோப்பாகவே வைத்துக்கொள்ள முடிவது. லைசென்ஸ் வேறொருவர் கையில் இருந்தாலும் ஆக்ஸஸில் திறந்து பார்த்துவிடலாம். ஆனால் அந்தக் கோப்பு 2 ஜிபியைத் தாண்டாது. வெடி வைக்கப் போடும் துளைகளின் மாதிரிகளையும் அதிலேயே கொட்டுகிறவர்கள் எஸ்கியூஎல் சர்வர் போன்ற பெரிய டேட்டாபேஸுக்குப் போவது நல்லது.

துளையின் சாய்வுக் கோணத்தை எழுதுவதில் இரண்டு மென்பொருளும் எதிரெதிர். செங்குத்தாகக் கீழே இறங்கும் துளைக்கு சர்பேக்கில் -90. டேட்டாமைனில் வழக்கமாக +90. குறியை மாற்றாமல் ஏற்றினால் துளைகள் வானத்தைப் பார்த்து நிற்கும். நல்லவேளை, திரையில் பார்த்ததுமே தெரிந்துவிடும். ஆயத்தொலைவு அப்படியில்லை. சர்பேக்கில் புள்ளிகளையும் கோடுகளையும் வைக்கும் ஸ்ட்ரிங் கோப்பில் ஒய் (வடக்கு) முதலில், எக்ஸ் (கிழக்கு) அடுத்து. உலகம் முழுக்கப் பயன்படும் யூடிஎம் வரைபட முறையின் எண்களாக இருந்தால் நம் ஊர்ப்பக்கம் பெரும்பாலும் வடக்குத் தொலைவு ஏழு இலக்கம், கிழக்குத் தொலைவு ஆறு இலக்கம் என்பதால் இடம் மாறினால் கண்டுபிடித்துவிடலாம். சுரங்கம் தனக்கென வைத்திருக்கும் சொந்த கிரிட்டில் இரண்டுமே நான்கு இலக்கமாக இருந்தால் போச்சு, இடம் மாறியதே தெரியாது.

எல்லாவற்றையும்விட மோசம் காலிக் கட்டம். ஒரு மீட்டர் மாதிரிகள் மூன்று: கால்சியம் ஆக்சைடு 44, 46 சதவீதம், மூன்றாவது சோதிக்கப்படவில்லை. சராசரி 45. வழியில் யாராவது காலியிடத்தைப் பூஜ்யமாக்கிவிட்டால் சராசரி 30. நல்ல கல் கழிவுக் கணக்கில் போய்விடும். டேட்டாமைன் இல்லாத மதிப்பை ஒரு கோடாகக் காட்டும். எக்ஸ்போர்ட் ஆன கோப்பில் அந்தக் கோடு என்னவாக வந்திருக்கிறது என்று நோட்பேடில் திறந்து பார்க்காமல் நான் அடுத்த படிக்குப் போவதில்லை. ஆய்வகம் அனுப்பும் '<0.01' (0.01-க்கும் குறைவு) போன்ற பதிவுகளுக்கு சர்பேக்கின் டிரான்ஸ்லேஷன் டேபிள் அருமையான ஏற்பாடு. மூலப் பதிவு அப்படியே இருக்கும், கணக்குப் போடும்போது மட்டும் நாம் சொன்ன எண் வரும்.

நோட்பேடில் என்று சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த உரை) கோப்பை எக்ஸெலில் இருமுறை சொடுக்கித் திறந்தால் '007' என்ற துளை எண் 7 ஆகும், '1E05' ஒரு லட்சமாகும். அப்படியே சேமித்துவிட்டால் ஆய்வக முடிவு ஒரு பெயரிலும் காலர், அதாவது துளை வாயின் இடப் பதிவு, இன்னொரு பெயரிலும் நிற்கும். இதைச் சொன்னால் தலையாட்டுவார்கள், அப்புறம் எக்ஸெலில்தான் திறப்பார்கள்.

பாறையைச் சிறு பெட்டிகளாகப் பிரித்துக் காட்டும் பிளாக் மாடலை வாங்கும்போது மையப் புள்ளி மட்டும் போதாது, ஒவ்வொரு பிளாக்கின் அளவும் வேண்டும். தாய் பிளாக் 10×10×5 மீட்டர், 500 கன மீட்டர். அதைப் பிரித்த துணை பிளாக் 5×5×2.5 என்றால் 62.5 தான். அளவு நெடுவரிசை இல்லாத கோப்பை ஏற்றினால் ஒவ்வொரு துணை பிளாக்கும் எட்டு மடங்காக எண்ணப்படும். அதனால் மூன்று திசையிலும் பிளாக்கின் அளவைச் சொல்லும் எக்ஸ்இன்க், ஒய்இன்க், இசட்இன்க் நெடுவரிசைகளும், மொத்தக் கன அளவைச் சொல்லும் ஒரு வரியும் இல்லாமல் வரும் மாடலை நான் திருப்பி அனுப்பிவிடுகிறேன்.