நுழைவு மறுக்கப்பட்ட நாட்டை நேசித்தவரின் தன்வரலாறு

அரசியல் அறிவியலாளர் பெனடிக்ட் ஆண்டர்சனின் ‘எ லைஃப் பியாண்ட் பவுண்டரீஸ்’ நூல், அவர் மறைந்த சில மாதங்களில், 2016இல் ஆங்கிலத்தில் வெளிவந்தது. முதலில் ஜப்பானிய மாணவர்களை மனத்தில் கொண்டு எழுதப்பட்டதாலோ என்னவோ, பேராசிரியர்களுக்கே உரிய கடினமான நடை இதில் இல்லை.

1936இல் சீனாவின் குன்மிங்கில், சுங்கத்துறையில் பணியாற்றிய தந்தைக்கு மகனாகப் பிறந்து, வியட்நாமியச் செவிலியிடம் வளர்ந்து, போரின் காரணமாகக் கலிஃபோர்னியாவுக்கும் பின்னர் அயர்லாந்துக்கும் இடம்பெயர்ந்த குடும்பக் கதை நிறைவாக வந்திருக்கிறது. எனினும் என்னை உலுக்கியது, சர்வாதிகாரி சுகார்த்தோவின் ஆட்சி 1972இல் அவரை, அவர் ஆய்வு செய்துவந்த இந்தோனேசியாவிலிருந்து வெளியேற்றியதும், 1998இல் அந்த ஆட்சி கவிழும்வரை அவர் அங்கே கால்வைக்க முடியாமல் போனதும்தான். சர்வாதிகாரம் ஒரு மனிதனை அவன் நேசித்த ஊரிலிருந்தும் நண்பர்களிடமிருந்தும் எப்படிப் பிரிக்கிறது என்பதை இந்தப் பக்கங்கள் ஆழமாக உணர்த்துகின்றன. அவரோ சோர்ந்துவிடாமல், ராணுவ ஆட்சி விலகியிருந்த குறுகிய காலத்தில் தாய்லாந்தில் தங்கி அந்நாட்டு மொழியைக் கற்றார். பின்பு பிலிப்பைன்ஸ் எழுத்தாளர் ஹோசே ரிசாலின் நாவல்களை அகராதியோடு வரிவரியாகப் படித்தே ஸ்பானிய மொழியைப் பழகிக்கொண்டார்.

பல்கலைக்கழகத் துறைகளைப் பற்றிய பகுதிகள் சற்று நீளம். கள ஆய்வுக்குப் புறப்படும் மாணவர்கள் அதுகுறித்த அத்தியாயத்தையாவது அவசியம் படிக்க வேண்டும்.