"ஈரல் சுத்திகரிப்பு" பொடி: 6,800 ரேண்ட் போச்சு, அக்கா உயிர் பிழைத்ததே பெரிது

தென்னாப்பிரிக்காவில் டர்பனில், முக்கியமாகச் சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ் பக்கம் இருக்கிறவர்கள் தயவுசெய்து படியுங்கள். வாட்ஸ்அப்பில் ஈரல் சுத்திகரிப்புப் பொடி விற்கிற ஒரு கடைக்காரன் எங்கள் அக்காவிடம் 6,800 ரேண்ட் பறித்துவிட்டான்.

அக்காவுக்குச் சார்கோய்டோசிஸ், அதாவது உறுப்புகளில் சின்னச் சின்ன அழற்சி முடிச்சுகள் வருகிற வியாதி. நுரையீரலில் ஆரம்பித்தது, முதலில் டிபி என்றே நினைத்தார்கள். சதைத் துணுக்கு எடுத்துப் பார்த்த பயாப்ஸியில் ஈரலிலும் அதே முடிச்சுகள். ஈரலில் இது வந்தாலும் பெரும்பாலானவர்களுக்குத் தொந்தரவே தெரியாது. அபூர்வமாகச் சிலருக்கு ஈரல் தழும்பேறி, உள்ளே போகிற ரத்தத்துக்கு வழியில்லாமல் அழுத்தம் கூடும். மண்ணீரல் வீங்கும், உணவுக்குழாயில் ரத்தக்குழாய்கள் புடைத்து வெடிக்கும். அக்கா அந்தச் சிலரில் ஒருத்தி.

அந்த ஆள் போனில் "வணக்கம் அக்கா" என்று தமிழிலேயே ஆரம்பித்தான். எந்தக் கோயிலில் காவடி எடுப்பீர்கள் என்று விசாரித்தான். தன் அம்மாவுக்கும் இதே வியாதி, இந்தப் பொடியில்தான் எழுந்து நடமாடினார் என்றான். இந்த ஊரில் நம்மிடம் தமிழில் இவ்வளவு பிரியமாகப் பேச யார் இருக்கிறார்கள்? அக்கா அன்றைக்கே பணத்தை அனுப்பிவிட்டாள்.

கொஞ்ச நாளில் மலம் தார் மாதிரி கறுப்பாகப் போனது. அவனிடமே கேட்டிருக்கிறாள். அந்த வாய்ஸ் மெசேஜ் இன்னும் இருக்கிறது: "பயப்படாதீங்க அக்கா, அழுக்கெல்லாம் வெளியே போகுது, மருந்து வேலை செய்யுது." பாவி, அது ரத்தம்! அப்புறம் ஒரு ராத்திரி பாத்ரூம் தரையெல்லாம் ரத்த வாந்தி. எண்டோஸ்கோப்பி செய்து, கசிந்த குழாய்களை ரப்பர் வளையம் போட்டுக் கட்டினார்கள்.

டப்பாவைப் பார்த்த டாக்டர் லேபிளில் வைட்டமின் டி இருப்பதைக் காட்டினார். சார்கோய்டு முடிச்சுகளே உடம்பில் அதை முடுக்கிவிடுமாம். மேலே வேறு சாப்பிட்டால் கால்சியம் ஏறிச் சிறுநீரகம் கெடும். அக்காவுக்கு ஏறித்தான் இருந்தது.

6,800 ரேண்டைத் திருப்பிக் கேட்டேன். "திறந்த டப்பாவுக்குப் பணம் கிடையாது" என்றான். பிறகு, மேனேஜரிடம் பேசு. மேனேஜர் என்று பேசியவனுக்கும் அதே குரல். கடைசியில் "உங்க அக்கா பத்தியம் இருந்திருக்க மாட்டாங்க" என்று சொல்லிவிட்டு என்னை பிளாக் செய்துவிட்டான்.

சரி, அவசரமாகச் சிலது. கறுப்பு மலம், ரத்த வாந்தி என்றால் நேரே எமர்ஜென்சிக்குப் போங்கள். சார்கோய்டு இருந்தால் டாக்டரைக் கேட்காமல் வைட்டமின் டி, கால்சியம் தொடாதீர்கள். இந்த வியாதிக்கு டாக்டர் கொடுக்கிற ஸ்டீராய்டு மருந்தை இப்படிப்பட்ட ஆட்கள் சொன்னார்கள் என்று சட்டென்று நிறுத்தாதீர்கள். 6,800 ரேண்ட் பற்றி பேங்கில் சொல்லியாகிவிட்டது, நாளை போலீஸில் எழுதிக் கொடுக்கிறேன். இதே பொடியை வாங்கியவர்கள் டப்பாவையும் ரசீதையும் தூக்கிப் போடாமல் எனக்கு எழுதுங்கள்.