மார்க்கஸ் அரேலியஸா, நெப்போலியனா? பட்டாளத்துக்குப் போகிற பையனுக்கு எதைக் கொடுப்பது

அக்கா மகனுக்கு ராணுவத்தில் ஆபீசர் பயிற்சிக்கு ஆர்டர் வந்துவிட்டது. எங்கள் தக்கலைப் பக்கத்தில் பட்டாளத்துக்காரர்கள் புதிதல்ல. ஆனால் ஆபீசராகப் போகிறவன் எங்கள் குடும்பத்தில் இவன்தான் முதல். “மாமா, ரயில்ல வாசிக்க நெப்போலியன் தாங்க, இல்லேன்னா அந்த ரோமாபுரி ராஜா. ரெண்டுல எது நல்லதோ அது” என்றான். அதற்காகவே இரண்டையும் திரும்ப எடுத்து வாசித்தேன்.

இருவரும் படை நடத்தி நாடாண்டவர்கள். மார்க்கஸ் அரேலியஸ் 161 முதல் 180 வரை ரோமப் பேரரசர். டான்யூப் நதி எல்லையில் ஆண்டுக்கணக்கில் போர், கூடவே கொள்ளைநோய். அந்த நாட்களில் கிரேக்க மொழியில் தனக்குத்தானே எழுதிக்கொண்ட குறிப்புகள்தான் இன்று நமக்குக் கிடைக்கும் ‘தியானங்கள்’. ஒரு பகுதி கார்னண்டம் என்ற எல்லைப் படைத்தளத்தின் பெயரைத் தாங்கி நிற்கிறது. நெப்போலியன் கதை வேறு. 1815இல் வாட்டர்லூவில் தோற்று, செயின்ட் ஹெலினா தீவில் சிறைப்பட்டு, 1821இல் சாகும்வரை கூட இருந்தவர்களிடம் தன் நினைவுகளைச் சொல்லிச் சொல்லி எழுதவைத்தார். உலகம் இதை வாசிக்கும் என்று தெரிந்தே சொன்னார்.

போர் எப்படி நடக்கிறது என்று தெரிய வேண்டுமானால் நெப்போலியன்தான், அதில் பேச்சே இல்லை. போரில் முக்கால் பங்கு மனபலம், மீதிக் கால்தான் ஆள்பலக் கணக்கு என்று 1808இல் எழுதினார். மனிதருக்குப் பணத்தைவிட மதிப்பு பெரிது என்று புரிந்துகொண்டு 1802இல் லீஜியன் ஆஃப் ஹானர் விருதை ஏற்படுத்தினார். அது எவ்வளவு உண்மை என்பதை எங்கள் பெரியப்பாவிடம் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு ஜனவரி 25 ராத்திரியும் டிரங்குப் பெட்டியைத் திறந்து, பழைய வேட்டித் துணியால் மெடல்களை ஒவ்வொன்றாகத் துடைத்து, ரிப்பனை விரலால் நீவி வைப்பார். பென்ஷன் புத்தகத்தை அப்படித் தொட்டு நான் பார்த்ததில்லை.

மார்க்கஸிடம் வியூகம் பற்றி ஒரு வரிகூட இல்லை. ஆனால் போர்க்களத்தைக் கண்ணால் பார்த்தவர் என்பது தெரியும். சக மனிதரிடமிருந்து தன்னைப் பிரித்துக்கொள்கிறவன், வெட்டுண்டு தனியே கிடக்கும் கைபோல, தலைபோல என்கிறார். இன்னொரு இடத்தில், சிலந்தி ஈயைப் பிடித்துப் பெருமைப்படுகிறது, மனிதன் முயலைப் பிடித்து, வேறொருவன் சர்மேஷியரைப் பிடித்துப் பெருமைப்படுகிறான், இவர்களும் கொள்ளைக்காரர்கள்தானே என்று கேட்கிறார். டான்யூப் எல்லைப் பகைவரான அந்தச் சர்மேஷியரோடு போரிட்டவரே அவர்தான்! தன் வெற்றியைப் பற்றி ஒரு சக்கரவர்த்தி இப்படி எழுதியதை நான் வேறெங்கும் வாசித்ததில்லை.

காரியம் கெட்டுப்போனால் பழி யார்மேல் என்பதில்தான் எனக்கு நெப்போலியன் கசந்துபோகிறார். 1812 ரஷ்யப் படையெடுப்பில் அவரை நம்பிப் போன லட்சக்கணக்கானோர் திரும்பவில்லை. அந்த டிசம்பரில் வெளியான 29ஆவது படை அறிக்கை, பேரரசரின் உடல்நலம் முன்னெப்போதையும்விட நன்றாக இருக்கிறது என்று முடிகிறது. மகனைப் பட்டாளத்துக்கு அனுப்பிய ஒரு தாய் அந்தக் கடைசி வரியை எப்படி வாசித்திருப்பாள்? வாட்டர்லூ பற்றிச் சொல்லும்போதும் தளபதி குரூஷி தவறினார், தளபதி நே தவறினார் என்றே போகிறது. மார்க்கஸ் குறிப்புகளில் எந்தத் தளபதிமேலும் குறையில்லை. காலையில் எழச் சோம்பல், கோபம் என்று தன் குறைகளோடுதான் மல்லுக்கட்டுகிறார்.

அப்புறம், கையில் சிக்கிய எதிரி. 1804இல் பழைய பிரெஞ்சு அரச குடும்பத்து ஆங்கியன் பிரபுவைப் பக்கத்து நாட்டிலிருந்து பிடித்துவந்து சுட்டுக்கொன்றார்கள். தேவைப்பட்டால் மறுபடியும் அதையே செய்வேன் என்று நெப்போலியன் உயிலிலும் சொன்னார். 175இல் மார்க்கஸின் தளபதி அவிடியஸ் காசியஸ் கலகம் செய்து, தன் ஆட்களாலேயே கொல்லப்பட்டான். தலையைக் கொண்டுவந்தபோது மார்க்கஸ் பார்க்க மறுத்துப் புதைக்கச் சொன்னார்.

இதைச் சொல்லத்தான் பையனை உதயகிரிக் கோட்டைக்குக் கூட்டிப்போனேன். 1741இல் குளச்சலில் மார்த்தாண்ட வர்மாவிடம் சரணடைந்த டச்சுப் படைக்காரர் டிலனாய், பிறகு திருவிதாங்கூர்ப் படைக்கே பயிற்சி கொடுத்து, ‘வலிய கப்பித்தான்’ (பெரிய கேப்டன்) ஆகி, 1777இல் இறந்து அங்கேதான் கிடக்கிறார். கல்லறையில் லத்தீனோடு தமிழும் வெட்டியிருக்கிறது. பையன் எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு, “தோத்தவருக்கா மாமா இவ்வளவு மரியாதை?” என்றான். முந்தைய ராஜாவின் மகன்களான தம்பிமாரிடம் காட்டாத இரக்கத்தை அந்த ராஜா இவரிடம் காட்டினார் என்பதையும் சொன்னேன். பாதிக் கதை சொல்லி அனுப்ப மனம் வரவில்லை.

மார்க்கஸும் குறையில்லாதவரல்ல. கொள்ளை என்று தெரிந்த போரைச் சாகும்வரை நடத்தினார். 18 வயது மகன் கொம்மோடஸிடம் நாட்டை விட்டுப்போனார், அவன் சீரழித்தான். சரி, ஆனாலும் ரயிலுக்கு அவர்தான். முப்பது பேர் இவன் சொல் கேட்டு நடக்கப்போகிறார்கள். விடிந்ததும் நன்றிகெட்டவனையும் பொறாமைக்காரனையும் சந்திப்பேன், அவர்களும் என் உறவே என்று தொடங்கும் இரண்டாம் பகுதியிலிருந்து வாசிக்கச் சொல்லியிருக்கிறேன். நன்றிப் பட்டியலாக இருக்கும் முதல் பகுதி கடைசியில் போதும். நெப்போலியனை முதல் போஸ்டிங் கிடைத்த பிறகு பார்சலில் அனுப்பிவைக்கிறேன்.